வெயில் முற்றத்துக்குப் புல் ஏற்றது. எந்தப் புல் என்பதே கேள்வி

அருகையும் கோரையையும் பிடுங்கிப் பிடுங்கியே முதுகு வளைந்த உழவரிடம் போய், "புல் வளருங்கள்" என்று சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார். ஆனால் பட்டணத்தில் இன்று நிலைமை வேறு. நாம் வரப்பிலிருந்து வெட்டி எறியும் புல்லின் உறவுகளைத் தொட்டியில் வைத்து நாற்றுப் பண்ணைகளில் விலை கூறி விற்கிறார்கள். வீட்டு முகப்பிலும், அலுவலக வாயிலிலும், சாலையின் நடுத்திட்டிலும் அழகுக்காகப் புல் வளர்க்கும் பழக்கம் பரவி வருகிறது.

இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிறு உழவர்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. சரியான புல்லைச் சரியான இடத்தில் வைத்தால் முற்றமும் அழகு பெறும், கரையும் நிற்கும். தவறான புல்லைக் கொண்டு வந்து வைத்தால், நாளை அது நம் வயலுக்குள் வந்து நிற்கும். இரண்டுமே நம்மைப் பற்றிய செய்திகள்தாம்.

சடையங்குப்பத்தில் கேட்ட கேள்வி

வடசென்னையில் மணலியைத் தாண்டி, கொசஸ்தலையாற்றை ஒட்டி இருக்கிறது சடையங்குப்பம். 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி விரிவடைந்தபோது இவ்வூரும் அதனுடன் சேர்ந்தது. பக்கத்தில் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969ஆம் ஆண்டிலும், உரத் தொழிற்சாலை 1971ஆம் ஆண்டிலும் உற்பத்தியைத் தொடங்கின. அதன்பின் ஆலைகள் பெருகின. ஒரு பக்கம் ஆலைகள், இன்னொரு பக்கம் ஆறு. ஆறு போய்ச் சேருவதோ எண்ணூர்க் கழிமுகம். மேலே பூண்டி நீர்த்தேக்கத்தில் உபரி நீர் திறந்தால் இங்கே நெஞ்சம் பதறும். 2015 டிசம்பரிலும், 2021 நவம்பரிலும் இப்பகுதி வெள்ளத்தில் மூழ்கியதைப் பலரும் அறிவர்.

அங்கே ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்துக்கு நெல் வயல் இருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு மாடுகளும், வீட்டைச் சுற்றி நாலைந்து சென்ட் இடமும்தான். ஒரு மரம்கூட இல்லாத முற்றம். காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை வெயில் முழுவதும் அதன் மேல்தான் விழுகிறது. பின்புறத்தில் ஒரு கால்வாய். அதன் கரை ஒவ்வொரு மழைக்கும் சிறிது சிறிதாகச் சரிந்து, வேலியின் இரண்டு கம்பங்களை ஏற்கெனவே விழுங்கியிருந்தது.

அந்த வீட்டு அம்மையார் கேட்டார்: "பூச்செடி வெச்சா சித்திரை வெயில்ல கருகிடுது சார். கார்த்திகை தண்ணியில அழுகிடுது. போர் தண்ணியும் உப்பு. வேற இன்னாதான் வைக்கிறது?"

முன் ஆண்டு அவருடைய மகன், பட்டணத்து வீடுகளில் பார்த்த ஆசையில், கட்டம் கட்டமாகப் பெயர்த்து விற்கும் கொரியன் புல்லை வாங்கி வந்து முற்றம் முழுவதும் பதித்திருக்கிறார். பங்குனிக்குள் அது வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. மகன் மேல் தவறில்லை. அந்த இடத்துக்கு அந்தப் புல் ஏற்றதல்ல என்று விற்றவர்கள் சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் ஒரு புல்தரை பசுமையாக இருக்க நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் என்பது இதன் பொருள். ஒரு சென்ட் என்பது சற்றேறக்குறைய 40 சதுர மீட்டர். ஆக, ஒரு சென்ட் புல்தரைக்கு நாள்தோறும் 200 லிட்டர் நல்ல தண்ணீர். பதினைந்து லிட்டர் குடத்தால் பதின்மூன்று குடம். குடிதண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் பகுதியில் இது நடக்கக் கூடிய காரியமா? வெயிலையும் உப்பையும் வெள்ளத்தையும் தாங்கும் புல் நம்மிடமே இருக்க, தாங்காத புல்லை விலை கொடுத்து வாங்குவானேன்?

நான் செய்த தவறு

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் விரிவாக்கப் பணிக்கு வந்த புதிதில், திருவள்ளூர் மாவட்டத்தில் ஆற்றோரக் கிராமம் ஒன்றில் நெல் உழவர்களுக்குப் பயிற்சி நடத்தினேன். "வரப்பில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது. சிரைத்துச் சேறு பூசுங்கள். புல்தான் பூச்சிக்கும் எலிக்கும் புகலிடம்" என்று மேடையில் நின்று முழங்கினேன். வயலுக்குள் இருக்கும் சிறு வரப்புகளைப் பொறுத்தவரை இந்த யோசனை அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் உள்வரப்பு வேறு, ஆற்றை நோக்கிய வெளிக்கரை வேறு என்று நான் பிரித்துச் சொல்லவில்லை.

ஓர் உழவர் என் சொல்லை அப்படியே நம்பினார். அவருடைய தந்தை காலத்திலிருந்து வெளிக்கரையில் வரிசையாக நின்ற வெட்டிவேர்த் தூர்களையும் தோண்டிப் போட்டார். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையில் வெளிக்கரை உடைந்தது. வயலில் முழங்கால் அளவு மணல் படிந்தது. இரண்டு போகம் அவரால் நடவு செய்ய முடியவில்லை. பார்க்கப் போனபோது என்னை அவர் ஏசவில்லை. "நீங்க சொன்னபடி சுத்தமாத்தான் வெச்சிருந்தேன் ஐயா" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து புல்லைப் பற்றி எதைச் சொன்னாலும், எந்தப் புல், எந்த இடம் என்று கேட்காமல் நான் யோசனை சொல்வதில்லை.

ஓடும் புல்லும் தூர் கட்டும் புல்லும்

அழகுக்காகப் புல் வைக்க விரும்புவோர் முதலில் அறிய வேண்டியது இந்த ஒரு வேறுபாட்டைத்தான். சில புற்கள் தரையின் மேல் கொடிபோல ஓடி, கணுவுக்குக் கணு வேர்விடும். வேறு சில தரைக்கு அடியில் கிழங்கு போன்ற தண்டை நீட்டி, பத்தடி தள்ளி முளைக்கும். அருகு இரண்டையும் செய்யும். தர்ப்பையும் நாணலும் தரைக்கு அடியில் பரவும். மழைக்காலம் முடிந்து ஆற்றங்கரையில் நாணல் வெள்ளைப் பூவுடன் அசைவது கண்ணுக்கு விருந்துதான். அதை அங்கேயே நின்று பார்க்கலாம். முற்றத்துக்குக் கொண்டு வந்தால், அதன் பஞ்சு விதை காற்றில் பறந்து அடுத்தவர் வயலுக்கும் போகும். அடித்தண்டு நம் வீட்டுச் சுவரைச் சுற்றி வரும்.

மற்றொரு வகை தூர் கட்டும் புல். நெல் எப்படி நட்ட இடத்திலேயே தூர் வெடிக்கிறதோ, அப்படியே இதுவும் நின்ற இடத்திலேயே பருக்கும். வெட்டிவேர், எலுமிச்சைப் புல், சிட்ரோனெல்லாப் புல் ஆகியவை இவ்வகை. வெயில் முற்றத்தில் அழகுக்கு நட வேண்டியது தூர் கட்டும் புல்லையே. வேறுபாடு அறிய ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் போதும். குடுமிபோல வேரும் தண்டும் ஒரே இடத்தில் இருந்தால் தூர்ப்புல். பக்கவாட்டில் வெள்ளையாக, கூர்முனையுடன் தண்டு நீண்டிருந்தால் அது ஓடும் புல்.

அழகுக்கு வந்து அல்லலான செடிகள்

"ஒரு தொட்டிச் செடியால் என்ன கேடு வந்துவிடும்?" என்று கேட்கலாம். ஆகாயத்தாமரை நம் நாட்டுக்கு வந்தது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அதன் ஊதாப் பூவின் அழகுக்காகத்தான். இன்று ஏரியும் கால்வாயும் அதனிடம் படும் பாட்டை நாம் அறிவோம். உன்னிச்செடியும் அதே நூற்றாண்டில் தோட்டத்து அழகுச் செடியாக வந்து, இன்று மலைக்காடுகளை அடைத்து நிற்கிறது. வந்த நாளில் இரண்டையும் யாரும் களை என்று நினைக்கவில்லை.

புல்லிலும் இக்கதை நடந்திருக்கிறது. வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த நீரூற்றுப் புல், நரிவால்போல வளைந்த கதிருடன் பார்க்க மிக அழகானது. ஹவாய்த் தீவுகளில் தோட்டத்துக்கென்று கொண்டுபோன இப்புல் வறண்ட நிலங்களில் பரவியது. காய்ந்து நின்று காட்டுத்தீக்கு விறகானது. தீக்குப் பின் மற்றச் செடிகளுக்கு முன் தானே முளைத்தது. 2017ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பரவும் கேடுள்ள செடிகளின் பட்டியலில் சேர்த்தது. இதன் இனத்துச் செடிகளை நம் நாற்றுப் பண்ணைகளிலும் பென்னிசெட்டம் என்ற பெயரில் காணலாம். செங்கருநீல இலையுள்ள வகை பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே கேடு குறைவு. பச்சை இலை வகையை உழவர் எவரும் வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை.

புல் வாங்கும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள். இது விதை விழுந்து முளைக்குமா? இது தரையில் ஓடுமா? இரண்டில் ஒன்றுக்கு 'ஆம்' என்று பதில் வந்தாலும், விற்பவருக்கே பதில் தெரியாவிட்டாலும், அந்தத் தொட்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

வெட்டிவேரின் தகுதி

வெட்டிவேரைப் பானைத் தண்ணீருக்கும், கோடைத் தட்டிக்கும், சாமி மாலைக்கும் உரிய வேராக மட்டுமே பலர் அறிவர். கடலூர் மாவட்டத்துக் கடலோர மணல் நிலங்களில் வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். இப்புல்லின் வேறொரு பயனை உலகம் நம் உழவரிடமிருந்துதான் கற்றது என்றாலும் மிகையில்லை. கர்நாடகத்தில் குண்டல்பேட்டைப் பகுதி உழவர்கள் வழிவழியாக வெட்டிவேரை நில எல்லையில் வரிசையாக நட்டு வந்தனர். பிஜித் தீவின் கரும்பு நிலங்களில் 1950களிலேயே மண்ணரிப்பைத் தடுக்க வெட்டிவேர் வேலியை ஜான் கிரீன்பீல்டு என்பவர் கையாண்டிருந்தார். 1980களில் அவரும் ரிச்சர்டு கிரிம்ஷா என்பவரும் உலக வங்கியின் சார்பில் இந்தியாவில் பணியாற்றியபோது இம்முறையைப் பல நாடுகளுக்கும் பரப்பினர். 1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு இதைப்பற்றித் தனி நூலே வெளியிட்டது.

இதன் சிறப்பு வேரில் இருக்கிறது. மற்றப் புற்களின் வேர் மேல்மண்ணில் பக்கவாட்டில் படரும். வெட்டிவேரின் வேரோ நேர்கீழாக இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழத்துக்கும் மேல் செல்லும். ஆகவே பக்கத்துப் பயிருடன் அதிகம் போட்டியிடாது. கரையை ஆணி அடித்தாற்போலப் பிடித்து நிற்கும். தரைக்கு மேலே நெருங்கிய தூர்கள் ஒரு சல்லடைபோல நின்று ஓடும் நீரின் வேகத்தைக் குறைத்து, வண்டலை நிறுத்திக் கொள்ளும். வண்டல் மேலே படிந்தாலும் அதற்கு ஏற்பத் தூரும் உயர்ந்து வேர்விடும்.

மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசீமன்ஸுக்கு மேல் இருந்தால் அதை உவர்நிலம் என்கிறோம். நன்கு வேரூன்றிய வெட்டிவேர் அதைப்போல் இருமடங்கு உப்பையும் தாங்கும். வெள்ளம் பல வாரங்கள் நின்றாலும் வடிந்த பின் துளிர்க்கும். வெயில் எவ்வளவு அடித்தாலும் நலமே. நிழல்தான் இதற்கு ஆகாது. மீஞ்சூர், மணலிப் பகுதியில் நிலத்தடியில் கடல்நீர் புகுந்து வருவது 1960களின் இறுதியிலிருந்தே ஆய்வாளர் அறிந்த செய்தி. உப்பும் வெயிலும் வெள்ளமும் ஒரே இடத்தில் சேர்ந்த அத்தகைய ஊருக்கு இதைவிடப் பொருத்தமான புல் ஒன்றை நான் அறியேன்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. தென்னாட்டில் வழிவழியாக வளர்த்து வரும் வகை பூத்தாலும் முளைக்கும் விதை தருவதில்லை. வட இந்தியாவின் காட்டு வகையோ விதை பிடித்துப் பரவும். ஆகவே நம் பகுதியில் பல ஆண்டாக வளர்ந்து, விதையில் முளைக்காத தூரிலிருந்தே நாற்று எடுக்க வேண்டும். அடுத்து, கரையில் நட்ட வெட்டிவேரை வேருக்காக ஒருபோதும் தோண்டக் கூடாது. வேரைத் தோண்டினால் கரை இருந்ததைவிடப் பலவீனமாகிவிடும். வேர் வேண்டுவோர் சமதளத்தில் தனிப் பாத்தியில் பயிரிட வேண்டும்.

நடவு முறை

நட ஏற்ற பருவம் ஆடி, ஆவணி. அப்போது நட்டால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். மழை தொடங்கிய பின் கரையில் நட்ட நாற்றை முதல் வெள்ளமே அடித்துச் செல்லும். அதைத் தவறவிட்டவர்கள் தை மாதத்தில் நட்டுக் கோடையில் உயிர்த்தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றலாம்.

ஓராண்டு வயதான தூரைத் தோண்டி, இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்த நாற்றுகளாகக் கையால் பிரிக்கவும். இலையை ஒரு சாண் உயரத்துக்கும், வேரை நான்கு விரற்கடை நீளத்துக்கும் நறுக்கவும். சாணக் கரைசலில் வேரை நனைத்து, அன்றே நடுவது நன்று. முடியாவிட்டால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைக்கலாம்.

கரைக்கு நடும்போது சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் ஒரு சால் இழுத்து, அரையடிக்கு ஒரு நாற்று வீதம் நெருக்கி நட வேண்டும். நூறு அடி நீளத்துக்கு 200 நாற்று போதும். இடையில் ஒரு நாற்று செத்தாலும் அந்தச் சந்தில்தான் நீர் புகுந்து அரிக்கும். ஆகவே பதினைந்தாம் நாள் போக்கிடம் நிரப்புவதை மறக்கக் கூடாது. அழகுக்கென முற்றத்தில் நடும்போது இரண்டு அடி முதல் மூன்று அடி இடைவெளி விட்டால்தான் ஒவ்வொரு தூரும் குடை விரித்தாற்போல இலை வளைந்து நிற்கும்.

முதல் பதினைந்து நாள் ஒன்றுவிட்டு ஒருநாள் நீர் ஊற்றவும். அடுத்த இரண்டு மாதம் வாரம் ஒருமுறை போதும். அதன்பின் கடும் கோடையில் மட்டும் பார்த்துக் கொண்டால் போதுமானது. குழிக்கு இரண்டு கை மட்கிய தொழு உரம் இட்டாலே போதும். யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை நீண்டு, மெலிந்து, சாய்ந்து விழும். அழகும் போகும், உறுதியும் போகும்.

அரிவாள்தான் பராமரிப்பு

அழகுப் புல் வளர்ப்போர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நட்டுவிட்டால் தானே வளரும் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டில் தூரின் அடியில் காய்ந்த இலை மூட்டை கட்டி, எலி கூடு வைக்கிறது. பாம்பும் பின்னால் வருகிறது. தீக்குச்சி விழுந்தால் பற்றி எரிகிறது. பிறகு புல்லையே குறை சொல்கிறோம்.

ஆண்டுக்கு இரண்டு முறை, தையில் ஒரு முறையும் ஆடியில் ஒரு முறையும், ஓரடி முதல் ஒன்றரை அடி உயரம் விட்டு அறுக்க வேண்டும். இலை விளிம்பு கையைக் கீறும். முழுக்கைச் சட்டை போட்டுக் கொள்வது நல்லது. அடியில் காய்ந்ததை வாரி எடுத்துவிட வேண்டும். அறுத்த இலையில் இளசை மாடு தின்னும். முற்றியது மூடாக்குக்கும் கூரைக்கும் ஆகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, முற்றத்துத் தூரின் நடு காய்ந்து வளையம்போல ஆகும். அப்போது தோண்டிப் பிரித்து, வெளிப்பக்கத்து இளந்தண்டுகளை மட்டும் மறுநடவு செய்ய வேண்டும். வாழைக்குக் கன்று எடுப்பதுபோல இதுவும் ஒரு வேலை என்று நினைத்துக் கொண்டால் சிரமம் தோன்றாது.

மற்றப் புற்கள்

எலுமிச்சைப் புல்லும் வெயிலை விரும்புவதே. நிழலில் அதன் மணம் குறையும். இரண்டடி இடைவெளியில் நட்டு, நான்காம் மாதத்திலிருந்து தரைக்கு மேல் ஒரு விரல் நீளம் விட்டு அறுக்கலாம். பின்னர் இரண்டரை மாதத்துக்கு ஒரு அறுப்பு வரும். ஆனால் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். ஆகவே மேட்டுப் பாத்தியிலோ தொட்டியிலோ மட்டுமே வைக்கவும்.

சென்னைக் கடற்கரை மணல்மேட்டில் வளரும் ராவணன் மீசையையும் சிலர் அழகுக்குக் கேட்கிறார்கள். முள்பந்துபோன்ற அதன் கதிர் காற்றில் உருண்டோடுவது குழந்தைகளுக்கு விளையாட்டு. ஆனால் அது ஓடும் புல். மணலைப் பிடித்துக் கடற்கரையைக் காக்கும் வேலை அதற்கு இருக்கிறது. அதைப் பிடுங்கி வந்து முற்றத்தில் வைப்பது இரு இடத்துக்கும் கேடு.

புல்லால் ஆகாதவை

புல்லைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், புல்லால் ஆகாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் புயல் மழையின்போது எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது நினைவிருக்கும். அப்படி எண்ணெயோ ஆலைக் கழிவோ படிந்த மண்ணில் புல் வளரும். ஆனால் அங்கே வளர்ந்த எலுமிச்சைப் புல்லைத் தேநீரில் போடக் கூடாது; அங்கே அறுத்த இலையை மாட்டுக்கும் போடக் கூடாது. வெட்டிவேர் சில கனஉலோகங்களை வேரில் பிடித்து வைத்துக் கொள்ளும் இயல்புடையது. மண்ணுக்கு அது நன்மை. அந்த வேரைப் பானையில் போட்டுக் குடிப்பவருக்கு நன்மையில்லை. ஐயமுள்ள இடத்தில் புல்லை அழகுக்கும் கரைக்கும் மட்டும் வையுங்கள்; உண்பதற்கு வேண்டியதை நல்ல மண் நிரப்பிய தொட்டியில் வளருங்கள்.

அதேபோல, ஒரு வரிசைப் புல் ஆற்று வெள்ளத்தைத் தடுத்துவிடாது. ஆற்றின் போக்கைத் தூர்வாரி வைப்பதும், நீர்வழியில் கட்டடம் எழாமல் பார்ப்பதும், கழிவை ஆலைக்குள்ளேயே நிறுத்துவதும் அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியவை. "வெட்டிவேர் நட்டாகிவிட்டது" என்று எவரும் அக்கடமையிலிருந்து நழுவக் கூடாது. நம் வீட்டுக் கால்வாய்க் கரை சரியாமல் நிற்பதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே நான் சொல்வது.

வருமானம் பற்றியும் ஒரு சொல். வெட்டிவேர் எண்ணெய்க்குக் கிடைக்கும் விலையைக் கேட்டு, இருக்கும் நிலம் முழுவதிலும் நட்டுவிடாதீர்கள். வேர் அறுவடைக்கு ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். வடிக்கும் ஆலையும் வாங்குவோரும் அருகில் வேண்டும். சிறு உழவருக்கு ஏற்றது நாற்றுதான். இரண்டு சென்ட்டில் தாய்த்தூர் வைத்திருந்தால், ஒரு தூரிலிருந்து ஆண்டுக்கு இருபது நாற்று வரை பிரிக்கலாம். பட்டணத்துத் தோட்டக்காரருக்குத் தொட்டிச் செடியாகவும், பக்கத்துக் கிராமத்துக் கரைக்கு நாற்றாகவும் அதை விற்கலாம். முதலில் நம் கரை, பிறகு விற்பனை என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அந்த அம்மையாரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். ஓர் ஆடி மாதத்தில் கால்வாய்க் கரையில் இரண்டு வரிசையும், முற்றத்தில் ஐந்து தூரும் நட்டார். கார்த்திகையில் தண்ணீர் வந்தது, வடிந்தது. மறுபடி பார்க்கப் போனபோது முற்றத்தில் சேறு காய்ந்திருந்தது; சேற்றுக்கு மேல் ஐந்து தூரும் பச்சை விட்டிருந்தன. கரையில் மூன்று இடத்தில் நாற்று போயிருந்தது. அந்த மூன்று இடத்தில்தான் மண்ணும் சரிந்திருந்தது. போக்கிடத்தை நிரப்பவில்லையா என்று கேட்டேன். "மறந்துட்டேன் சார். இனிமே மறக்க மாட்டேன்" என்றார்.

நான் போய்த் திரும்பும் வழியில், முன்பு சொன்ன ஆற்றோரக் கிராமத்துக்கும் சென்றேன். அந்த உழவர் இப்போது இல்லை. அவருடைய மகனிடம், கையோடு கொண்டுபோன ஒரு சாக்கு நாற்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெளிக்கரைக்கு அது போதும்.